குறைந்த புள்ளியின் நிறைந்த விலை

ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். ஐவர் விலை குறித்துத் தருகின்றனர். உறைகள் பிரிக்கப்படுகின்றன. ஐந்து எண்களுள் எது சிறியதோ, அதை எழுதியவர் கையில் வேலை ஒப்படைக்கப்படுகிறது. எளிமையான முறை, எவரும் குறை கூற இயலாத முறை! எண்களில் பெரிது சிறிது அறிந்த மூன்றாம் வகுப்புச் சிறுவன்கூட இந்தத் தேர்வை நடத்தி முடித்துவிடுவான். அங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் செய்துவிடக்கூடிய ஒன்றுக்கு, பொறியாளர் எதற்கு? கணக்காயர் எதற்கு? குழு எதற்கு? கூட்டம் எதற்கு?

"பொதுப்பணம் மிச்சமாகிறதே!" என்பார் உளர். மிச்சமாகட்டும், மகிழ்வோம். ஆனால் எவரிடமிருந்து மிச்சமாயிற்று என்று கேட்பது பகுத்தறிவாளன் கடமையன்றோ? ஐவருக்கும் சந்தை ஒன்று. சிமெண்டு விலை ஒன்று. கம்பி விலை ஒன்று. ஒருவர் பொருளை வீணாக்காமல், வேலையைச் சீராக ஒழுங்கு செய்து, மற்றவரைவிடக் குறைந்த செலவில் முடிக்கலாம். அது திறமை, அந்தக் குறைவு உண்மையான குறைவு. அதற்குத் தலை வணங்குவோம். எனினும் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கும் கீழே எண் இறங்கும்போது, இறங்குவது எண் மட்டுமன்று. கலவையில் சிமெண்டு இறங்குகிறது. சித்தாளின் கூலி இறங்குகிறது. சாரத்தின் கயிறு இறங்குகிறது. டெண்டர் மேசையைச் சுற்றி அமர்வோர் இரு தரப்பினர்: கொடுப்போர், எடுப்போர். கல் சுமக்கும் பெண் அங்கே இல்லை. அந்தக் கூரையின் கீழ் அமரப் போகும் குழந்தை அங்கே இல்லை. விலை பேசும்போது அழைக்கப்படாத அவ்விருவரே பிறகு பாக்கியைச் செலுத்துகின்றனர்.

நம் விருதுநகர்ச் சந்தைக்குச் சென்று பாருங்கள். மல்லி, வத்தல், பருப்பு, எண்ணெய் என்று இவ்வூரின் விலை நிலவரத்தை நாளேடுகள் வெளியிட, ஊர் ஊராக வணிகர் அதை எதிர்நோக்கும் அளவுக்குப் பெயர் பெற்ற சந்தை அது. அங்கே எந்த வணிகராவது விலையை மட்டும் கேட்டு மூட்டை வாங்குகிறாரா? மூட்டைக்குள் கை நுழைகிறது. வத்தல் ஒடித்துப் பார்க்கப்படுகிறது; ஈரமா, காய்ந்ததா என்று காதே சொல்லிவிடுகிறது. பருப்பு உள்ளங்கையில் பரப்பப்படுகிறது. கல்லும் வண்டும் தேடப்படுகின்றன. போன முறை வந்த சரக்கு எப்படி இருந்தது, சொன்ன நாளில் வந்ததா, எடை சரியாக இருந்ததா என்பவை எழுதாக் கணக்காக மனத்தில் நிற்கின்றன. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்பதற்காக, சென்ற ஆண்டு ஏமாற்றியவரிடம் மீண்டும் செல்லும் வணிகர் அந்தத் தெருவில் நெடுநாள் கடை நடத்த மாட்டார். வத்தல் வாங்குவதில் நமக்குள்ள அறிவு, வகுப்பறை வாங்குவதில் மட்டும் எங்கே ஒளிந்துகொள்கிறது?

விடை கசப்பானது. வத்தல் கெட்டால் நட்டம் வாங்கியவருக்கு. வகுப்பறை கெட்டால் நட்டம் எவருக்கோ. குறைந்த புள்ளியைத் தேர்ந்தெடுத்த அலுவலரை எந்தத் தணிக்கையும் கேள்வி கேட்காது, சற்றே கூடிய புள்ளியைத் தக்க காரணத்துடன் தேர்ந்தெடுத்தவரையோ, "எவ்வளவு வாங்கினாய்?" என்று ஊரே கேட்கும். ஆகவே அவர் எண்ணின் பின்னே பதுங்குகிறார். முடிவெடுக்கும் பொறுப்பை ஓர் எண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, "நான் என்ன செய்ய? எண் அப்படி!" என்கிறார். விதி என்று சொல்லிக் கை விரித்த பழைய மனிதருக்கும் இவருக்கும் வேற்றுமை யாது? அவர் தலையெழுத்தைக் காட்டினார். இவர் டெண்டர் எழுத்தைக் காட்டுகிறார்.

இதே நோயின் மற்றொரு முகத்தைக் காண, விருதுநகரிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிவகாசி இருக்கிறது, சாத்தூர் இருக்கிறது, வெம்பக்கோட்டை இருக்கிறது. மழை பொய்த்த கரிசல் மண்ணில், 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரின் முயற்சியிலிருந்து கிளைத்த தொழில்வளம், பின்னர் பட்டாசாகவும் அச்சாகவும் விரிந்தது. வானம் கைவிட்ட மக்களுக்கு இந்தத் தொழில் சோறு போட்டது. நாம் அதை மறந்து பேசவில்லை.

பட்டாசு ஆலைக்கு உரிமம் வேண்டும். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று எந்த அலுவலகம் தந்தது என்பதைக் கொண்டே ஊரார் அதை வகைப்படுத்திப் பேசுவர். எத்தனை அறைகள், ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் அந்த உரிமம் வரையறுக்கிறது. அந்த வரையறை வெறும் தாள் அன்று. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை பிழைக்க வேண்டும், நால்வர் மாண்டால் நாற்பதின்மர் தப்ப வேண்டும் என்னும் கொடுங்கணக்கின்மீது எழுதப்பட்டது அது.

இந்த உரிமத்தை வைத்திருப்பவர், ஆலையைத் தாமே நடத்தாமல், சட்டத்துக்குப் புறம்பாக மற்றவரிடம் உள்குத்தகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கே விட்டாலும் கேடு. அறை அறையாகப் பிரித்துப் பலருக்கு விட்டாலோ பெருங்கேடு. இங்கே தேர்வு எப்படி நடக்கிறது? பள்ளிக்கூடம் கட்டுவதில் எண் குறைந்தவருக்கு வேலை. இங்கே எண் கூடியவருக்கு அறை. அதிக வாடகை தருகிறேன் என்பவரே உள்ளே நுழைகிறார். நுழைந்தவர் அந்த வாடகையை எங்கிருந்து எடுப்பார்? தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டுமே! அறையில் ஆள் கூடுகிறது. ஆள் கொள்ளாதபோது வேலை மரத்தடிக்கு வருகிறது. மருந்து அளவு மீறுகிறது. கூலி உருப்படிக் கணக்கில் என்பதால், தொழிலாளியின் கையே அவர்மீது சவுக்காகிறது: விரைந்து செய்தால் சோறு, நிதானமாகச் செய்தால் அரைச்சோறு! உராய்வுக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் விரைவுக்குப் பரிசு.

2021 பிப்ரவரி 12. சாத்தூரை அடுத்த அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் வெடியில் மாண்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தது. உரிமம் ஒருவர் பெயரில், உற்பத்தி பிறர் கையில் என்னும் உள்குத்தகை முறை அந்த ஆய்வில் வெளிப்பட்டது. அதற்கு முன்னரே, 2012 செப்டம்பர் 5-இல், முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோரை நாம் பறிகொடுத்திருந்தோம். முதல் வெடி கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிச் சென்ற அக்கம்பக்கத்து ஊர் மக்களும் அவர்களுள் அடக்கம். ஒவ்வொரு முறையும் ஊர் அழுதது, அலுவலர் வந்தனர், ஆய்வு நடந்தது. 'விபத்து' என்று எழுதினர். விதிப்பயன் என்று முதியோர் கூறினர். நாமோ அதை முன்கூட்டியே எழுதப்பட்ட கணக்கின் விடை என்போம். வாடகை கூடும்தோறும் காவல் குறையும். காவல் குறையும்தோறும் உயிர் குறையும். இதில் விதிக்கு என்ன வேலை?

குறைந்த டெண்டரும் கூடிய குத்தகையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று நாம் கூறுவது இதனால்தான். இரண்டிலும் ஓர் எண் மட்டுமே பேசுகிறது. மற்றவை எல்லாம் ஊமையாக்கப்படுகின்றன.

இனி, நம் தோழர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம். அது எளிதில் தள்ளத்தக்க கேள்வி அன்று. நம்மையே உறங்கவிடாத கேள்வி. "எண்ணையே ஏசுகிறீர்களே! எண்ணுக்குச் சாதி தெரியாது. எண் எவருக்கும் மைத்துனன் அன்று. பெரிய வீட்டுப் பிள்ளை எழுதினாலும், நேற்றுவரை மேஸ்திரியாக இருந்து இன்று முதன்முதலாக ஒப்பந்தம் கேட்கும் சேரிப் பிள்ளை எழுதினாலும், எட்டு எட்டுத்தான். அந்த ஒரே காவலையும் நீக்கிவிட்டு, தரம் பார்க்கிறேன், தகுதி பார்க்கிறேன் என்று தொடங்கினால், பார்ப்பவர் எவர்? அவர் கண்ணுக்கு எவருடைய தகுதி தெரியும்?"

ஆம், தோழரே! 'தகுதி' என்னும் சொல் நம்மீது வீசப்பட்ட கல். 1951-இல் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்சநீதிமன்றம் உரைத்தபோது அந்தச் சொல் ஒலித்தது. 1990-இல் மண்டல் குழுவின் பரிந்துரையை நிறைவேற்ற முனைந்தபோது வடபுலத் தெருக்களில் அதே சொல் கூக்குரலாக எழுந்தது. பிறப்பை மறைக்கும் போர்வையாக அந்தச் சொல் எத்தனை முறை பயன்பட்டது என்பதை அறிந்தவர் நாம். எனவே, "தரம் பார்த்துக் கொடு" என்று ஓர் அலுவலரிடம் மொட்டையாகச் சொல்லிவிடுவது, ஆட்டைக் காக்க ஓநாயை அமர்த்துவது போலாகும். குறைந்த புள்ளி முறை ஏன் பிறந்தது? அதற்கு முன் இருந்த முறை உறவு முறை என்பதால் பிறந்தது. அந்த நன்றியை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், ஒன்றை நோக்குவீர். எண்ணுக்குச் சாதி தெரியாது என்பது உண்மை; எண்ணை எழுதுவோருக்குத் தெரியுமே! ஐவரும் முன்னிரவே ஒரு வீட்டில் கூடி, இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று முறை வைத்துக்கொண்டால், மறுநாள் பிரிக்கப்படும் உறை வெறும் நாடகம். சிறிய எண்ணின் சுமை இறுதியில் எவர் முதுகில் ஏறுகிறது என்பதற்கும் சாதி உண்டு. கழிவுநீர்த் தொட்டியைத் தூய்மை செய்யும் வேலை குறைந்த விலைக்கு ஒருவரிடம் போகிறது. அவர் அதைவிடக் குறைந்த விலைக்கு மற்றொருவரிடம் விடுகிறார். கடைசியில் குழிக்குள் இறங்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமோ? மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2023 அக்டோபர் 20-இல் உச்சநீதிமன்றம், அத்தகைய சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட்டது. எண்களையே விரும்புவோருக்கு இதோ ஓர் எண்! எந்திரத்துக்கு ஆகும் செலவை விட்டுவிட்டு எழுதிய 'குறைந்த புள்ளி'யோடு இந்த 30 லட்சத்தையும் கூட்டிப் பாருங்கள்; எவருடைய புள்ளி குறைவு என்பது புலனாகும். குறைந்தவர் குறைந்தவர் அல்லர். கணக்கை முழுமையாக எழுதாதவர்.

எனவே கேள்வி 'எண்ணா, தகுதியா?' என்பதன்று. எதை எதை எண்ணுக்குள் கொண்டுவருவது, அதை எப்போது அறிவிப்பது என்பதே.

நாம் வகுப்பறையில் சுண்ணக்கட்டி பிடிப்பவர். தேர்வுத்தாள் திருத்துமுன் மதிப்பெண் திட்டம் எழுதப்பட்டாக வேண்டும் என்பது எமக்குப் பாலபாடம். வரைபடத்துக்கு இத்தனை, வழிமுறைக்கு இத்தனை, விடைக்கு இத்தனை என்று முன்னரே எழுதிவிட்டால், திருத்துவோர் எவராயினும் மாணவனின் பெயர் மதிப்பெண்ணை மாற்றுவது அரிது. தாளைப் பார்த்த பிறகு திட்டத்தை எழுதத் தொடங்கினாலோ, அது திட்டமன்று, தயவு. ஒப்பந்தத்துக்கும் அதுவே.

தமிழ் மண்ணுக்கு இது புதுமையுமன்று. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு முன்பே எவருக்குத் தகுதி இல்லை என்று வரிசைப்படுத்துகின்றன. முன்பு வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவர் நீக்கப்பட்டார். அவருடைய உறவினர் நீக்கப்பட்டனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய அந்த ஓர் அறிவை நாம் போற்றலாம். அதே கல்லில் வேதமறிந்தவருக்கும் நிலமுடையவருக்குமே இடம் என்று வெட்டியிருப்பதையும் மறைக்காமல் சொல்வோம். நல்லதும் தீயதும் ஒரே உளியால் செதுக்கப்பட்டுள்ளன: முந்திய வேலையைப் பார் என்பது நல்லது, பிறப்பைப் பார் என்பது தீயது. வள்ளுவரும் ஒருவரை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவரை வினையில் அமர்த்துவதற்கு அடுத்த அதிகாரமும் வகுத்தார். தெரிவதும் ஆள்வதும் இரு வேறு கடமைகள் என்பதை அந்த அடைவே காட்டுகிறது.

நம் மாநிலச் சட்டமும் இதற்கு எதிரன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், குறைந்த புள்ளியையே ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குறைவை, ஒப்பந்த ஆவணத்தில் முன்னரே குறித்த, புறவயமான, அளவிடத்தக்க கூறுகளைக் கொண்டு, அவற்றுக்கு உரிய எடை கொடுத்துக் காண வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டத்தின் முதற்பாதியைப் படித்தவர்கள் மறுபாதிக்கு வருமுன் புத்தகத்தை மூடிவிட்டனர் போலும்! நடுவண் நிதி அமைச்சகமோ 2021 அக்டோபர் 29-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், தரம் முதன்மை என்று அறிவிக்கப்பட்ட கட்டுமான வேலைகளில் விலை அல்லாத கூறுகளுக்கு 30 விழுக்காடு வரை எடை கொடுக்க இடம் தந்தது. உச்சவரம்பு வைத்ததை நாம் குறை கூறோம். தயவுக்கு இடம் குறைவாக இருப்பது நன்று.

அந்த எடைக்குள் எவை வரவேண்டும்? கட்டிய பழைய கட்டடங்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பது வரவேண்டும். அவர் வேலைகளில் எத்தனை பேர் அடிபட்டனர், கூலி நாள் தவறாது கொடுக்கப்பட்டதா என்பதும் வரவேண்டும். முதன்முதலாக வரும் ஏழை மேஸ்திரிக்கு 'முந்திய வேலை' என்னும் கூறே முட்டுக்கட்டை ஆகாதிருக்க, சிறு வேலைகள் அவருக்கெனத் தனியே விடப்பட வேண்டும். படி வைக்காமல் மாடியை மட்டும் காட்டி, ஏறி வா என்பது நேர்மையன்று. அளவு மீறிக் குறைத்து எழுதியவரை அழைத்து, இந்த விலையில் எங்ஙனம் முடிப்பாய் என்று விளக்கம் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வகுத்த கொள்முதல் நெறி இதனைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதைக் கேட்க ஐரோப்பா செல்ல வேண்டுவதில்லை, விருதுநகர்ச் சந்தையில் யாரும் கேட்பார்.

தேர்வு ஒரு நாள் வேலை. மேற்பார்வையோ ஒவ்வொரு நாள் வேலை. இங்கேதான் நல்ல சட்டங்களும் தோற்கின்றன. இங்கிலாந்து, 1980-களில் உள்ளாட்சி வேலைகளைக் கட்டாயப் போட்டி டெண்டருக்கு விட்டு, அதன் குறை கண்டு, 1999-இல் 'சிறந்த மதிப்பு' என்னும் கடமையைச் சட்டமாக்கிய நாடு. அந்நாட்டின் தலைநகரில்தான் 2017 சூன் 14-இல் கிரென்ஃபெல் அடுக்ககம் எரிந்து 72 பேர் மாண்டனர். புதுப்பிக்கும்போது செலவைக் குறைக்கத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றாகப் பொருத்திய அலுமினியக் கலவைத் தகடே தீயைச் சுவரெங்கும் ஏற்றிச் சென்றது. விசாரணையில், வரைந்தவர் பொருத்தியவரையும், பொருத்தியவர் விற்றவரையும், எல்லாரும் சேர்ந்து மேற்பார்த்தவரையும் சுட்டினர். அச்சங்குளத்தில் குத்தகை கைமாறியது போலவே இலண்டனில் பொறுப்பு கைமாறியது.

நம் நாட்டுக்கே வருவோம். 2021 ஆகஸ்டில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில், ஏழைகளுக்கெனக் கட்டிய புது வீடுகளின் சுவர்க் காரை கை பட்டதும் உதிர்ந்தது. பின்னர் ஐ.ஐ.டி. வல்லுநரை அழைத்து ஆராயச் செய்தனர். ஆனால் அந்தச் சுவர் ஓரிரவில் முளைக்கவில்லையே! அரசுக் கட்டடம் என்பது மாடி மாடியாக எழும், எழ எழ ஒருவர் வந்து அளப்பார், அளவுப் புத்தகத்தில் எழுதுவார், மற்றொருவர் கையெழுத்திடுவார், அதன் பின்னரே பணம் போகும். வல்லுநர் கருவி கொண்டு கண்டறியுமுன்பே, குடிவந்த தாய்மார் விரலால் கண்டறிந்தனர். கையெழுத்திட்ட கைகளுக்கும் விரல்கள் இருந்திருக்குமன்றோ?

வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியுமா? நம்மால் செய்யவியலாததைப் பிறர் செய்வது நாகரிகம். அது இன்றி ஊரும் இல்லை, தொழிலும் இல்லை. ஆனால் ஒப்படைத்த பின்னும் அந்தச் செயல் நம்முடையதே. 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை உடைமையாளரே தரவேண்டும் என்று வகுத்தது இந்த அறத்தின்மீதுதான். கூலிக்கு ஏற்ற அறம் உயிருக்கு ஏற்காதா?

உடைமையாளர் எவர் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். பட்டாசு ஆலைக்கு ஒரு முதலாளி உண்டு. பள்ளிக்கூடத்துக்கு முதலாளி எவர்? வரி கட்டும் நாமே. ஆகவே மூட்டைக்குள் கை நுழைக்கும் உரிமையும் நமதே. இது அணிக்காகக் கூறியதன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 'தகவல்' பெறும் உரிமையுள், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடுவதையும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுப்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சிமெண்டுக் கலவையின் ஒரு பிடியை நாம் கேட்டுப் பெறலாம். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் இளைஞர் மன்றங்கள் அந்த நாள்களில் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகின்றன. அவ்வூரில் எழும் கட்டடத்தின் ஒப்பந்த ஆவணத்தையும் அளவுப் புத்தகத்தின் படியையும் ஒரு மாதம் முன்னரே மனு எழுதிக் கேட்டு, கையில் வைத்துக்கொண்டு சபைக்குச் செல்ல வேண்டும். சபை கூடிய அன்று கேட்டால், "அது அலுவலகத்தில் இருக்கிறது" என்பார்கள்.